படிக்கட்டுச் சுவரில் இருந்தது

நவம்பரில் லாஹ்தி நகரம் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
ஐந்து மணிக்கு வகுப்பு.
பாடநூலை வென்லா பையிலிருந்து எடுப்பதேயில்லை.
எடுப்பதெல்லாம்
கசங்கிய ரசீது, இருமல் மருந்துக்குள் மடித்த தாள்,
காணாமல்போன பூனைக்கு யாரோ ஒட்டிய துண்டறிக்கை,
ஒருமுறை தயிர்க் கிண்ணத்தின் மூடி,
கழுவாமல்.

யார் பேசுகிறார்? யாரிடம்?
உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று
இந்தத் தாள் நினைத்துக்கொண்டிருக்கிறது?

கேள்வி இவ்வளவுதான். அவளுக்கு வயது இருபத்தேழு;
எதிரே உட்கார்ந்திருப்பவர்களில்
அவளைவிட இளையவர் யாரும் இல்லை.

பூனைத் தாளில் ஹோதன் அரைமணி நேரம் நின்றாள்.
"'மீசு புதியவர்களைக் கண்டால் ஓடும்.'
மீசு யார் என்று எங்கேயும் சொல்லவில்லை.
நமக்குத் தெரியும் என்றே எழுதியிருக்கிறார்கள்."
பிறகு, தாளை மடித்தபடி,
"துக்கத்தில் அப்படித்தான்."
வென்லா பலகையில் எதுவும் எழுதவில்லை.

ரெப்வாருக்கு பேக்கரியில் இரவு வேலை.
அன்று அவன் கொண்டுவந்தது
குடியிருப்பு நிர்வாகத்தின் அறிவிப்பு,
நான்கு மூலையிலும் டேப் பிய்ந்து:

     அன்பார்ந்த குடியிருப்போரே,
     இரவு பத்துக்குப் பின் ஓசை கேட்பதாகத்
     தெரிவிக்கப்பட்டுள்ளது.
     இரவின் அமைதியை மதிப்பவர்கள் நா—

இருங்கள், அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

தெரிவிக்கப்பட்டுள்ளது. யாரால்?
ஸினாய்தா தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
ஆள் பின்பக்கம் ஒளிந்திருப்பதுபோல.
எங்கள் மொழியில் இது சுலபம் என்றாள் வென்லா;
செயல் நடக்கும், செய்பவர் வேண்டாம்.
இங்கே புகைக்கப்படுவதில்லை.
ஞாயிறுகளில் கம்பளம் உதறப்படுவதில்லை.
சொல்லச் சொல்ல அவள் காது சிவந்தது.

"குடியிருப்போரே என்றால் எத்தனை பேர்?"
கேட்டது கன்லாயா.
"நான்கு படிக்கட்டு," என்றான் ரெப்வார்.
"மற்ற மூன்றின் கதவுக் கண்ணாடியிலும்
முகத்தை ஒட்டிப் பார்த்தேன்.
சுவர் சும்மா இருந்தது."
கொஞ்ச நேரம் ரேடியேட்டர் மட்டும் பேசியது.
"மகளுக்குப் பல் முளைக்கிறது."

இப்போது அந்தச் சொல்.
அவர்கள் மொழியில் அது ஒற்றைச் சொல், மெ.
தமிழில் எழுதும் எனக்கோ இரண்டு வாசல்.
நாங்கள் என்றால்
ரெப்வார் வெளியே, கைக்குழந்தையோடு, பனியில்.
நாம் என்றால் உள்ளே;
அது பொய்யாகவும் இருக்கலாம்.
அச்சடித்தவருக்கு இந்தச் சங்கடம் வந்தேயிருக்காது.
வரியை அரைகுறையாக விட்டதற்குக் காரணம் இதுதான்.

பதிலை எல்லோருமாக எழுதினார்கள்.
மன்னிக்கவும் என்று தொடங்கு, என்றாள் ஸினாய்தா.
கேட்டால் குற்றம் என்றாகிவிடும், என்றாள் ஹோதன்.
பல் முளைக்கப்படுகிறது என்று போடலாம்,
கன்லாயா சொல்ல,
வென்லா மேசையில் தலை வைத்துச் சிரித்தாள்.
கடைசியில் தேறியது:

     நான் ரெப்வார், இரண்டாம் மாடி.
     மகள் ஷிலான், பத்து மாதம்.
     இரண்டு பல் வந்துவிட்டது. மற்றவை வழியில்.

அறிவிப்பை மறுபடி ஒட்டி, அதன் கீழே இதை ஒட்டினான்.
அடுத்த வாரம் இரண்டுமே இல்லை.
டேப்பின் ஒரு துண்டு,
அதில் சிக்கிய வெள்ளைக் கிழிசல்.
அதைப் போனில் படமெடுத்து வந்திருந்தான்.
கோபமா, சமாதானமா,
துப்புரவாளரின் வெறும் செவ்வாய்க்கிழமையா?
ஒரு மணி நேரம் வாசித்தார்கள்.
ஒன்றும் தேறவில்லை.
வென்லா சொன்னாள், எனக்கும் தெரியவில்லை.

டிசம்பர். பால் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தை
எல்லோரும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது
தாமதமாக வந்தான், தொப்பியில் பனியோடு,
கதவை இன்னும் சாத்தாமலே:
"மூன்றாவது வந்துவிட்டது."

பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஹோதன் கேட்டாள்,
"மேலேயா, கீழேயா?"