பிழைத்த கல்

வேலை முடிந்து திரும்பும்போது
இமை மயிரில்கூட சலவைக்கல் தூள்.
வூச் நகரத்து டிராமில்
என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுகிறேன்,
எழுத்துக்கு இத்தனை என்று கூலி.
நீளப் பெயர்க்காரர்களின் பிள்ளைகள்
பேரம் பேசுவார்கள்.

வீட்டில்
நான் தண்ணீரில் குளித்துத் தூசியைப் போக்குவேன்.
அவள் தூசியில் குளித்துத் துலங்குவாள்.

சின்சில்லா. பெயர் பொப்யூ,
எங்கள் பேச்சில் சாம்பல்.
நிறத்தைப் பார்த்து வைத்தது, வேறு யோசனை இல்லை.
ஜாடியைச் சாய்த்து
எரிமலைச் சாம்பல் இரண்டு கரண்டி போட்டால்
உள்ளே போய் ஒரே சுழற்சி, ஒரு சின்னப் புயல்,
பிறகு
எதுவுமே நடக்காத முகத்தோடு வெளியே வருவாள்.

முதல் மாதம் காசு மிச்சம் பிடிக்க
பட்டறைத் தூளையே பையில் அள்ளி வந்தேன்.
இரண்டாம் நாள் தும்மல்.
வைத்தியர் க்ஷெசிமிர் அவள் மார்பில் குழாயை வைத்தார்,
நடுவில் என் இருமலையும் கேட்டார்.
"உனக்கே ஆகாதது இதற்கு எப்படி ஆகும்?"
இருபது வருடம் முதலாளி சொல்லிக் கேட்காதவள்
மறுநாள் முகமூடி போட்டேன்.

இடது காதில் ஓர் ஓட்டை,
பண்ணையில் எண் தொங்கிய இடம்.
இழுத்து மூடியபோது கூண்டோடு கொடுத்தார்கள்.
எண் வில்லையைக் கேட்டேன், தரவில்லை.
கணக்கு முடிக்க வேண்டுமாம்.
ஒரு கோட்டுக்கு நூறு தோலுக்கு மேல்.
அந்த நூற்றில் ஒருத்தி
என் சமையலறையில் ஆப்பிள் குச்சி கொறிக்கிறாள்.

ஒருமுறை அலமாரிக்குப் பின்னால் பாய்ந்தவளைப்
பதறிப் பிடித்தேன்.
பிடிக்குள் மயிர் மட்டும் இருந்தது.
எடையே இல்லை,
விரலைத் திறந்து பார்த்துத்தான் நம்பினேன்.
மயிர் உதிர்ந்தால் உயிரையும் விட்டுவிடும் மான்
எங்கோ உண்டாம், அவ்வளவு மானமாம்.
இவளுக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது.
வேண்டுமா, வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டு
அடுப்புக்கு அடியிலிருந்து முறைத்தாள்,
விலாவில் சொட்டை,
உயிர் முழுசாக.

ஜூலையில் முப்பத்தாறு டிகிரி.
மலைக்குளிருக்கு நெய்த உடம்பு,
வியர்க்கவும் தெரியாது, கோட்டைக் கழற்றவும் முடியாது.
காதிரண்டும் சிவந்து
ஒருக்களித்துக் கிடந்தாள்.

அந்த வாரம்தான் தொபியாஷ்
லியோகாதியா அம்மாளின் கல்லில்
2019 வெட்டவேண்டிய இடத்தில் 2091 வெட்டினான்.
மகன் வந்து பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தோம்.
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
"இருந்திருக்கலாம்" என்றார்.
பிறகு வேறு கல் கேட்டார்.

உடைத்துப் போடு என்றார் முதலாளி.
வருடம் இருந்த துண்டை மட்டும் அறுத்தெடுத்தேன்.
டிராமில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.
எதிரில் ஒரு பையன் எண்ணைப் படித்துவிட்டு
என்னைப் பார்த்தான்,
மறுபடி எண்ணை.

குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து
கூண்டுக்குள் நுழைத்தேன்.
மோந்தாள். ஒரு காலை வைத்து எடுத்தாள்.
ஏறி, வயிற்றைப் பரப்பி,
ஒன்பதின் வளைவில் மூக்கைப் பொருத்திக்கொண்டு
கண்ணை மூடினாள்.

இருபது வருடம்கூட இருப்பாள் என்கிறார் க்ஷெசிமிர்.
எனக்கு ஐம்பத்தெட்டு.
கூட்டத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

ராத்திரி மின்சாரம் போய் விசிறி நின்றது.
இருட்டில் சத்தம் கேட்டது.
கல்லில் உளி ஓடும் சத்தம் எனக்குத் தெரியாதா?
ஆரஞ்சுப் பல் நான்கு,
தேயத் தேய வளரும் உளிகள்.
எழுந்து தடுக்கவில்லை.

விடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன்.
கடைசியில் இருந்த ஒன்றின் அடி
கொஞ்சம் மழுங்கியிருந்தது.