பதினோரு மணிக்கு நண்பகல்

ஒரு படம். அவ்வளவுதான்.
தன் அகலத்தைக் குறைத்துச் சொல்லும் ஒரு படம்.
உலாவி அதை நம்பி இடம் ஒதுக்குகிறது.
பத்து இலை போட்ட பந்தியில்
பதினோராவது ஆள்
நேரே சமையற்கட்டுக்குள் போய் அமர்வதுபோல
மிஞ்சிய ஒரு பைட்
போகக்கூடாத அறைக்குள் போய் உட்கார்கிறது.
அப்புறம் வீடு அதனுடையது.

கண்டுபிடித்தது நான்.
பிர்னோ நகரில், நவம்பரில், அதிகாலை மூன்றேகாலுக்கு,
மேசைமேல் கிடந்த ஏழு கைபேசிகளில்
நான்காவது மட்டும் திரை கறுத்து விழுந்தபோது.
ரதோவான் எழுந்து வந்தான்.
"இன்னொரு முறை" என்றான்.
இன்னொரு முறையும் விழுந்தது.
அப்புறம் ஏழும்.
நாங்கள் கைதட்டவில்லை.
ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலை
அவன் போய் அழுத்திச் சாத்தினான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
என் வாய்க்கு இருந்தது:
தொண்ணூறு நாள்.
உலாவியைச் செய்கிறவர்கள் அடைத்து முடிக்கும்வரை
ஓட்டை இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது.
சொன்னால் திருடனும் கேட்பான்.
சரியான விதிதான். கையெழுத்துப் போட்டவள் நானே.

பன்னிரண்டாம் எண் டிராமில் வேலைக்குப் போவேன்.
கம்பியைப் பிடித்து நின்றபடி
ஐம்பது கைபேசிகளை மேலிருந்து பார்ப்பேன்.
பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு
இலவசக் காலணிப் பரிசை நோக்கி
விரலை நகர்த்துகிறான் ஒரு பையன்.
வங்கிக் கணக்கைத் திறந்துவைத்தபடியே
தூங்கிப்போகிறாள் இரவுப்பணி முடித்த செவிலி.
நாயின் இருமலுக்கு மருந்து தேடுகிறார் ஒருவர்,
நாய் அவர் காலடியில்.
எல்லாருடைய சட்டையும் முதுகில் கிழிந்திருக்கிறது,
எனக்கு மட்டும் தெரிகிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
இருமினேன்.

நாற்பத்தோராம் நாள் ஒரு பெரியவர் என்னையே கேட்டார்,
"இந்த லிங்கை அழுத்தலாமா?
பார்சல் வந்திருக்கிறதாம்."
ஏதாவது வாங்கினீர்களா?
"இல்லையே."
அப்படியானால் வேண்டாம், என்றேன்.
அந்தக் குளிர்காலத்தில் நான் காப்பாற்றிய ஒரே ஆள்
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

அறுபத்தெட்டாம் நாள் அடைப்பு வந்தது.
அதன் குறிப்பு:
"சிறு திருத்தங்கள். நிலைத்தன்மை மேம்பாடு."
என் இரண்டு மாதத் தூக்கம்
நான்கு சொற்களில்.

இங்கே பெத்ரோவ் குன்றின் தேவாலயத்தில்
நண்பகல் மணி பதினோரு மணிக்கே அடிக்கும்.
முற்றுகையிட்ட சுவீடன் படைத்தலைவன்
நண்பகலுக்குள் ஊர் விழாவிட்டால் போய்விடுவேன் என்றானாம்.
இவர்கள் ஒரு மணி முன்னதாகவே கயிற்றை இழுத்தார்களாம்.
கதைதான்.
ஆனாலும் மணி இன்றுவரை அப்படியே அடிக்கிறது.

அந்த மணியோசைக்குக் கீழே
சூப் ஆறட்டும் என்று காத்திருக்கும்
என் மைத்துனர் ஒல்த்ரிஷ்
திரையில் கேள்வியைப் பார்க்கிறார்:
இப்போதா, பிறகா?
பிறகு.
இருபத்துமூன்று நாளாய், பிறகு.
சார்ஜ் இல்லை. இடம் இல்லை.
ஒவ்வொரு தடவையும் பொத்தான்களை
இடம் மாற்றிவிடுகிறார்கள்.
கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

கை நீட்டினேன். கொடுத்தார்.
புகைப்படங்களை அழிக்க அனுமதி கேட்டேன்.
பெரும்பாலும் காளான்கள்,
காட்டில் பறித்தவை, பறிக்காமல் விட்டவை.
ஒவ்வொன்றுக்கும் வாதாடினார்.
முப்பது காளானும் ஒரு மங்கலான முயலும் போனபின்
இடம் கிடைத்தது.
பட்டை நகர்ந்தது. நாற்பது சதவீதம். அறுபது.
சூப் முழுதாய் ஆறிப்போனது.

"நன்றாகத்தானே இருந்தது, என்ன மாறியது?"
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒன்றுமில்லை, என்றேன்.
அதைவிடச் சரியாய்ச் சொல்ல
எனக்குத் தெரியவில்லை.

மேசையில் அந்த நான்காவது கைபேசி
இன்னும் விழுகிறது.
செய்தவர்கள் அதைக் கைவிட்டு இரண்டு வருடம்.
புது உலாவி அதில் ஏறாது,
பிறகு என்று அழுத்தவும்
அதற்கு யாரும் கேள்வி அனுப்புவதில்லை.

இன்று காலை டிராமில் அந்தப் பையன்.
கையில் அதே மாதிரி, ஓரம் உடைந்தது.
பல்லால்
கையுறையைக் கழற்றுகிறான்.