நான்கு சாவிகள்

என்னோடு திரும்பி வருவது
இந்த நம்பர் பிளேட் மட்டும்.
மற்றதெல்லாம் ஆக்டனில் யாரோ வாங்கியது:
பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கை,
புறப்படும்போது முப்பத்தொரு மைல் காட்டிய மீட்டர்,
ஒன்றன் முதுகில் ஒன்று
முன்சக்கரம் தூக்கி ஏறி
என் பின்னால் வரும் மூன்று லாரிகள்.

ராலின்ஸில் கேட்டை இறக்கிவிட்டார்கள்.
பதினொரு மணி நேரம்.
எஞ்சினை அணைத்தால் டீசல் கூழாகிவிடும்,
அணைக்காவிட்டால் காசு என் கணக்கில்.
அணைக்கவில்லை.

பக்கத்து வண்டிக்காரர் டெல்பர்ட்
கண்ணாடியைத் தட்டி தெர்மாஸை நீட்டினார்.
காபி இல்லை, தக்காளி சூப்.
கோட்டில் தைத்த பெயரைப் படித்து
"வீடு எங்கே, ரொவீனா?" என்றார்.
டொலீடோ என்றேன், கொஞ்சம் யோசித்து.

விடியலில் திறந்தார்கள்.
தரையோடு தரையாய்ப் பனி ஓடுகிறது,
சாலை எது வெளி எது தெரியவில்லை.
கறுப்பாய் மினுங்கும் இடத்தில்
பிரேக்கைத் தொடக்கூடாது.
காலுக்குத் தெரியும்; வயிற்றுக்குத்தான் தெரியாது.
கண்ணாடியில்
கடைசி லாரி மெல்ல, மிக மெல்ல,
என்னை முந்தப் பார்ப்பதுபோல் விலகி
பிறகு மனம் மாறி
வரிசைக்கு வந்தது.

ஆக்டன் யார்டில் ஒரு பையன்
டார்ச் அடித்துக் கீறல் தேடினான்.
சாவிகளை இரண்டு முறை எண்ணினான்.
"ரோடு எப்படி?" என்றான், கையெழுத்துப் போட்டபடி.
பரவாயில்லை என்றேன்.

விறைத்த விரலால் திருகாணி கழற்றி
பிளேட்டைத் துண்டில் சுற்றினேன்.

ஒன்பதரை பஸ். மடியில் பை.
வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.
வளைவு வரும்போதெல்லாம்
என் வலது கால்
வெறும் தரையை அழுத்துகிறது.