வெயில் ஏலம்

தை மாதத்து ஊட்டி.
அறை எண் ஒன்பதில் சாக்பீஸ்கூட விறைத்துக் கிடக்கும்.
நாற்பத்தொரு பேர், எல்லார் கையும் அக்குளில்.
பத்து பத்துக்குக் கிழக்கு ஜன்னலில் வெயில் வரும்,
இரண்டே பெஞ்சில் உட்காரும்,
பத்து ஐம்பதுக்கு எழுந்து
வந்த ஜன்னல் வழியே போய்விடும்.

பற்றாக்குறை என்றால் என்ன என்று
மூன்று வருடம் கேட்டு
மூன்று வருடமும் அதே நோட்ஸ் பதிலை வாங்கியவள் நான்.
அன்று கேட்கவில்லை.
ஆளுக்குப் பத்துத் தைலமரக் காய் கொடுத்து
அந்த இரண்டு பெஞ்சையும் ஏலம் விட்டேன்.

முதல் நாள் ஓரிடம் மூன்று காய்க்குப் போனது.
மறுநாள் புல்லெல்லாம் உறைபனி. ஏழு.
போஜராஜ் நாலு காய் கடன் வாங்கி
இரண்டு இடம் பிடித்தான்,
ஒன்றை ரெஹானாவுக்கு ஒன்பதுக்கு விற்றான்.
"கேத்தியில எங்க கேரட்டை மண்டிக்காரர் எடுக்கிற மாதிரிதான் மேடம்"
என்றான், வெட்கமில்லாமல்,
பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு.
ஜன்னலோர உயரக்காரன் துரைக்கண்ணு
குனிந்து உட்கார இரண்டு காய் கேட்டான்.
புத்தகத்தில் அதற்குப் புறவிளைவு என்று பெயர்.
வகுப்பு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

வியாழன் ஒன்பதரைக்கே பேரம் முடிந்துவிட்டது.
பத்து பத்துக்குத் தொட்டபெட்டா பக்கமிருந்து மேகம் வந்தது.
கொடுத்த காயைத் திருப்பித் தரவேண்டுமா கூடாதா,
நாற்பது நிமிடச் சண்டை.
அந்த அறை அவ்வளவு சூட்டை அதுவரை கண்டதில்லை.

வெள்ளி.
கடைசி பெஞ்சு பெள்ளிராஜ் சாக்கு மூட்டையோடு வந்தான்.
கல்லூரிக்குப் பின்னால் தைலமரக் காடு இருக்கிறது.
தினமும் அதன் வழியாகத்தான் நடந்து வருகிறேன்.
ஏனோ எனக்குத் தோன்றவேயில்லை.

பதினோரு கிலோ.
ஓரிடம் இருநூறு காய், நானூறு,
எண்ணச் சோம்பிக் கைப்பிடிக் கணக்கு,
அப்புறம் கம்பளித் தொப்பியால் அளந்தார்கள்.
நானும் சிரித்தேன்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வருகிற ஜெபசீலி
வாரம் முழுக்க நிழல் பெஞ்சில் நடுங்கி
பத்துக் காயையும் ஜியாமெட்ரி பாக்ஸில் சேர்த்து வைத்திருந்தாள்.
திறந்தாள்.
பார்த்தாள்.
மூடினாள்.
"எங்கப்பா பி.எஃப். பணம் வந்தப்பவும் இப்படித்தான் மேடம்."

என் பாடத்திட்டத்தில் இது இல்லை.

மூட்டையை என்ன செய்ய?
வாட்ச்மேன் அந்தோணிசாமி இரும்புச் சட்டியில் கொட்டிக் கொளுத்தினார்.
தைல வாசனையில் வகுப்பே மூக்கு திறந்து
சுற்றி நின்று கை காய்ந்தது,
ஏலமில்லாமல், வரிசையில்லாமல்.
ரெஹானா தீயைப் பார்த்தபடி கேட்டாள்:
"உங்க ஒரு மணி நேரம் என்ன விலை மேடம்?"
நான் கௌரவ விரிவுரையாளர்.
மே மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது.
கௌரவம் பன்னிரண்டு மாதமும் உண்டு.
இதைச் சொல்லவில்லை. சட்டியைக் கிளறினேன்.

மாதிரித் தேர்வு.
பணவீக்கம்: வரையறு. ஐந்து மதிப்பெண்.
நாற்பது தாளில் புத்தகம் அப்படியே இறங்கியிருந்தது,
பெள்ளிராஜ் தாளிலும்.
ஜெபசீலி ஒரே வரி எழுதியிருந்தாள்:
"பணவீக்கம் என்பது, பக்கத்தில் காடு இருப்பதை மேடம் மறந்துபோவது;
பத்துக் காயைச் சேர்த்து வைத்தவளுக்குக் குளிர்வது."

பல்கலைக்கழகத் தேர்வில் இப்படி எழுதினால் முட்டைதான்.
அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.
இந்தத் தாளில் சிவப்பு மை என்னுடையது.
நாலரை போட்டேன்.
அரையைப் பிடித்துக்கொண்டேன்,
என் மானத்துக்கு.