மீதி

வோரு நகரில் பிப்ரவரி.
தமுலா ஏரி உறைந்து
மேலே கார் ஓட்டுகிறார்கள்.
மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட வருவேன்.
பேக்கரியில் அந்நேரம் எனக்கு முன்பே விழித்திருப்பது
மாய்முவின் மேசைக்கடியில் உறுமும் கணினி.

பகலில் மாவு மூட்டைக்குப் பில் போடும்.
மற்ற நேரமெல்லாம்
ஒரே எண்ணைப் போட்டு நச்சரிக்கும்:
நீ வகுபடுவாயா, மாட்டாயா?
இரண்டை இரண்டால்
பதின்மூன்று கோடிச் சொச்சம் தடவை பெருக்கி
ஒன்றைக் கழித்த எண்ணாம்.
எழுதினால் கிட்டத்தட்ட நாலு கோடி இலக்கம்.
கணினியின் பாஷையில் எல்லாமே ஒன்று,
நடுவே மூச்சுவிட ஒரு பூஜ்யம் கிடையாது.

பகா எண் என்றால் என்ன என்றேன்.
தட்டில் அடுக்கிப் பார், எண்டெல், என்றாள்.
முப்பத்தொரு கறுப்பு ரொட்டி.
ஐந்தைந்தாக வைத்தேன், ஒன்று மிஞ்சியது.
ஆறாறாக, அப்போதும் ஒன்று.
நாலு நாலாக, மூன்று.
இருபத்தெட்டு வருஷமாக
வரிசைக்கு அடங்காத ரொட்டியைத்
தள்ளுபடியில் விற்றிருக்கிறேன்.
அதற்கொரு கணிதம் இருப்பது தெரியாது.

மாவு சிந்திய மேசையில் விரலால் எழுதினாள்.
நாலு.
நாநாலு பதினாறு, இரண்டு போகப் பதினான்கு.
அதன் வர்க்கத்தில் இரண்டு போக நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
முப்பத்தொன்றுகளை அள்ளியெடுத்தால் மிச்சம் எட்டு.
எட்டெட்டு அறுபத்து நாலு, இரண்டு போக
அறுபத்திரண்டு.
இரண்டு முப்பத்தொன்று. துடைத்துவிட்டாற்போல் ஒன்றுமில்லை.
"மூன்றே தப்படி. பூஜ்யத்தில் முடிந்தால் பகா எண்."
அவளுடைய எண்ணுக்கு
தப்படி பதின்மூன்று கோடி.

வேஷக்காரர்களும் உண்டாம்.
இரண்டாயிரத்து நாற்பத்தேழு: பதினோரு ஒன்றுகள்,
பார்வைக்கு அப்பழுக்கில்லை.
ஆனால் இருபத்து மூன்று தட்டு,
தட்டுக்கு எண்பத்தொன்பது,
கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

ஐம்பத்து மூன்றாம் நாள்
மின்விசிறியின் உறுமல் அடங்கியிருந்தது.
மாய்மு கோட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தாள்.
எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வால்.
பூஜ்யம் அல்ல.

அப்படியானால் வகுபடும்?
"வகுபடும்."
எதால்?
"தெரியாது."
யாருக்குத் தெரியும்?
ஒரு கையுறையை மட்டும் கழற்றினாள்.
"இப்போதைக்கு யாருக்கும் இல்லை."

எனக்கு அது பிடிபடவில்லை.
உள்ளே ஆள் இருப்பது நிச்சயம்,
ஒருவர் அல்ல, இரண்டு பேராவது.
ஐம்பத்து மூன்று நாள் தட்டியும்
யாரும் எழுந்துவந்து திறக்கவில்லை.
பெயர் தெரியாத அந்த இருவரையும்
ரொட்டி வண்டி போன பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழுவாள் என்று காப்பி போட்டு எடுத்துப் போனால்
அடுத்த எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.
விசிறி மறுபடி உறுமுகிறது.

அன்றைய கடைசி ஈடு நாற்பத்து மூன்று.
எப்படி அடுக்கினாலும் ஒன்று துருத்தியது.
சூட்டோடு பிய்த்து
அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி.
ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு.
கடைக்காரன் எண்ணிப் பார்க்கட்டும்.