இரண்டாவது பிரேக்

கற்றுக்கொள்பவர் காலடியில் ஒன்று,
என் காலடியில் ஒன்று.
ஊலு நகரத்துப் பனிச்சாலைகளில்
இருபத்தாறு வருடம்
அந்த இரண்டாவது பிரேக்தான் என் உத்தியோகம்.

அக்டோபரில் அதை வாங்கிக்கொண்டார்கள்.
மயங்கியது ஒரே ஒரு முறை,
தொப்பிலா துறைமுகத்துக்குத் திரும்பும் சிவப்பு விளக்கில்.
ஓட்டியவன் வில்யாமி, பதினெட்டு முடியாதவன்.
பச்சை விழுந்ததும் "போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறான்.
பதில் வரவில்லை.
தானாகவே ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போட்டு,
என் குளிர்க்கோட்டின் கழுத்தைத் தளர்த்தியிருக்கிறான்.
அன்றைக்கே உரிமம் கொடுத்திருக்கலாம் அவனுக்கு.

மருத்துவர் பேனாவால் வரைந்து காட்டினார்:
மூன்று இதழ்,
சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போய்,
திறக்கவும் மனமில்லை, மூடவும் மனமில்லை.
"மூன்று மாதத்துக்குள் கூப்பிடுவோம்."

நெஞ்சைத் திறக்குமுன் வாயைத் திறக்கச் சொன்னார்கள்.
பல்லில் இருக்கும் கிருமி இதயத்துக்குக் குடிபோகுமாம்.
கடைவாய்ப்பல் ஒன்று போயிற்று.
காகிதத்தில் சுற்றித் தரச்சொல்லி வாங்கி வந்தேன்,
முதல் தவணை கட்டிய ரசீதுபோல.
சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது எனக்கு மூன்று தலையணை.
தாழப் படுத்தால் மூச்சு வாசலிலேயே நின்று யோசிக்கிறது.
மணிக்கட்டில் விரல் வைக்கிறேன். அறுபத்தெட்டு.
மறுபடியும். எழுபத்தைந்து.
எண்ண எண்ண ஏறுகிறது;
பின்னால் யாரோ ஹார்ன் அடிக்க
இன்ஜினை அணைத்துவிட்டு வியர்க்கும் புதுப் பையன்போல.
எண்ணாதே என்கிறேன். எண்ணுகிறேன்.

பக்கத்தில் ஆர்னோ
என் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டபடி
தூங்குவதாக நடிக்கிறார்.
அவர் தூங்கட்டுமே என்று நானும் நடிக்கிறேன்.
முப்பத்தொரு வருட தாம்பத்தியத்தில்
இவ்வளவு நன்றாக நாங்கள் நடித்ததில்லை.

விடியாத காலையில்
பனி வாருகிற சத்தம் கேட்கிறது.
என் மண்வெட்டி, அவர் கையில்.
ஓரங்களைச் சரியாக வெட்டமாட்டார்.
ஜன்னலில் நின்று பல்லைக் கடிக்கிறேன்,
மீதமிருக்கும் பற்களை.

டிசம்பர் பத்தாம் தேதி கூப்பிட்டார்கள்.
பை கட்டி, சோப்புப் போட்டுக் குளித்து,
வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன்.
மறுபடி போன்.
என்னைவிட அவசரமான ஒரு நெஞ்சு வந்துவிட்டதாம்.
"பரவாயில்லை" என்றேன், குரல் நடுங்க.
வைத்ததும்
அப்பாடா என்று இரண்டு துண்டு ரொட்டி தின்றேன்.
அந்த இன்னொருவரை நினைத்தது
மூன்றாவது துண்டில்தான்.
இதை ஆர்னோவிடம் சொல்லவில்லை.

உலோக வால்வா, மாட்டின் திசுவா என்று
ஒரு தாளில் கேட்டிருந்தார்கள்.
திசு சில வருடங்களில் தேயலாம்.
உலோகம் நிற்கும், ஆனால் சத்தம் போடும்:
அமைதியான அறையில், டிக், டிக்,
சிலரால் தாங்க முடிவதில்லை என்றாள் செவிலி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இண்டிகேட்டர் சத்தத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான்.
உலோகம் என்று எழுதினேன்.

நேற்று வில்யாமி வந்தான்,
உரிமத்தின் பிளாஸ்டிக் வாசம் இன்னும் போகவில்லை.
அவன் அம்மாவின் பழைய வண்டி.
"ஒரு சுற்று போகலாமா, துவூலிக்கி?"
ஆற்றுப்பாலத்து வளைவில் பின்சக்கரம் வழுக்கியது.
சறுக்கினால் என்ன செய்வது என்று
அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்:
பிரேக்கிலிருந்து காலை எடு.
போக வேண்டிய இடத்தைப் பார், பள்ளத்தைப் பார்க்காதே.

அவன் பார்த்தான். வண்டி நேரானது.
என் வலது கால்
வெறும் தரைவிரிப்பை
முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.
கவனித்திருப்பான். ஒன்றும் சொல்லவில்லை.
இண்டிகேட்டரைப் போட்டான்.
வீடு இருக்கும் தெருவுக்குத் திரும்பக் காத்திருந்தோம்,
எதிரே ஒரு பனிவாரி லாரி
மெதுவாக, மிக மெதுவாகக் கடந்து போக.