ரீஃபண்டு

இருபத்திரண்டு ஆண்டுகளாக
இனாயத்துல்லா சாகிபின் பணத்துக்கு
ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தவன் நான்.
காட்பாடி சாலையில் மாடி அறை.
கீழே மருந்துக்கடை.
ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிகள்
ஸ்கேன் கவரோடு ஒதுங்கி உட்காரும் படிக்கட்டு.

ஆம்பூரில் அவருக்கு இரண்டு ஷூ கம்பெனி,
துத்திப்பட்டில் ஒரு தோல் ஷெட்.
லாபத்தை மனைவி பேருக்கு, மருமகன் பேருக்கு,
இன்னும் பிறக்காத பேரனின் டிரஸ்டுக்கு என்று
பிரித்துப் பிரித்து ஊற்றுவேன்.
பாலாற்று மணலில் ஊற்றிய தண்ணீர்;
மேலே ஈரம்கூடத் தெரியாது.

போன ஜூலையில் வந்தார். உட்காரவில்லை.
"இந்த வருஷம் எதையும் குறைக்காதீங்க ஆடிட்டர்.
மேலே நாற்பது லட்சம் சேர்த்துக் கட்டுங்க."

சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தேன்.
நோட்டீஸ் ஏதும் வந்ததா?
இல்லை.
நேர்ச்சையா?
"ஜகாத் கொடுத்தாச்சு. அதுக்கு வேற ஆடிட்டர்."

பிறகுதான் சொன்னார்.
ஆறாவது லைனில் மேல்தோல் தைக்கிற குணவதி
பேரணாம்பட்டிலிருந்து விடியுமுன் பஸ் ஏறுகிறவள்.
அவள் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும்
செருப்பிலும் வரி இருக்கிறது.
"அவ கூலியில அது எத்தனை பங்கு,
என் வருமானத்துல நான் கட்டுறது எத்தனை பங்கு,
ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.
நீங்க ரொம்பக் கெட்டிக்காரர் ஆடிட்டர்."

பாராட்டு மாதிரி இல்லை அது.

கூடுதலாகக் கட்ட விரும்புகிறேன் என்று சொல்ல
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
இருந்தாலும் கட்டினோம்.
நவம்பரில் திரும்பி வந்தது,
நாற்பது லட்சமும், வட்டியும்.

போனில் வெகுநேரம் சிரித்தார்.
"வாங்குறவன் கையை நீட்டலைன்னா
கொடுக்கிறவன் என்னய்யா பண்ணுவான்?"

அப்புறம் ராணிப்பேட்டை ஓட்டலில்
முதலாளிகள் சங்கக் கூட்டம்.
கழிவுநீர் பற்றி, டாலர் பற்றிப் பேசி முடித்து
பிரியாணி வரும் நேரத்தில் இவர் எழுந்தார்:
எங்களைப் போன்றவர்களுக்கு வரியை ஏற்றச் சொல்லி
மனு எழுதுவோம்; கூலியையும் ஏற்றுவோம்.
ஏசி சத்தம் கேட்டது.
ஆர்டர் வியட்நாம் போய்விடும் என்றார் ஒருவர்.
"தாராளமா நீங்க கொடுங்களேன் பாய்,
யார் கையைப் பிடிச்சா?" என்றார் இன்னொருவர்.

"நான் கொடுத்தா அவ கும்பிடணும்.
சட்டம் வாங்கினா யாரும் யாரையும் கும்பிட வேணாம்."

கத்தரிக்காய்த் தொக்கு ஆறிப்போனது.
மனுவில் மூன்று கையெழுத்து.
அதில் ஒன்று, என்னவென்று படிக்காமல் போட்டது.

மறுநாள் இடைவேளையில்
ஊசித் தழும்பு விரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு
குணவதி கேட்டாளாம்:
"ஓட்டல்ல பேசினீங்களாமே சார்.
இங்க பீஸ் ரேட்டு?"

அன்று மாலையே என் முன்னால் இருந்தார்.
இந்த முறை உட்கார்ந்தார்.
ஆயிரத்து நூறு பேர், ஆளுக்கு மாதம் மூவாயிரம்.
பெருக்கினேன். பெருக்கிய கை
பழக்கத்தில் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது.
"கூலி செலவுக்கணக்கு சார்.
ஏத்தினா உங்க வரி குறையும்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.
ஒரு ஜோடி ஷூ படம், அவர் கம்பெனிதான்.
"குறையட்டும். குறையறதையும் கூலியிலேயே போடுங்க.
அந்த மனுவுல நாலாவது ஆள் வேணும்.
நீங்களும் நல்லாத்தானே சம்பாதிக்கிறீங்க?"

பேனாவைத் திறந்தேன்.
மூலை மேசையில்
இவ்வளவு நேரமும் எண்களை ஏற்றிக்கொண்டிருந்த ஜெபராணி
நிமிர்ந்து பார்க்கவில்லை.
அவள் விரல்கள் மட்டும் நின்றன.

அவளுக்கு நான் தருவது
ஒன்பதாயிரம்.